வெங்கர் சேவைக்கு 5க்கு 4: கோப்பை வராத வருடங்களுக்கே முழு மார்க்

ஹோட்டலுக்கு ரிவியூ எழுதுகிறோம், ஹெட்போனுக்கு எழுதுகிறோம், ஒரு கால்பந்து மேனேஜர் செய்த சேவைக்கு எழுதினால் என்ன குறைந்துவிடும்? சேவை தந்தவர் ஆர்சென் வெங்கர். பெற்றது லண்டனின் ஆர்சனல் கிளப், கூடவே அதன் பின்னால் அலைந்த எங்களைப் போன்ற ரசிகர்கள். காலம் 1996 அக்டோபர் முதல் 2018 மே வரை. அவர் விலகி இத்தனை வருடமான பிறகும் இரண்டு ஆர்சனல் ரசிகர்கள் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இவரிடம்தான் வந்து நிற்கும். ஒருவர் "2004" என்பார் (ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற வருடம்), இன்னொருவர் "8-2" என்பார் (மான்செஸ்டர் யுனைடெட்டிடம் வாங்கிய அடி), அதோடு அன்றைய பொழுது போச்சு.

என் மார்க் 5க்கு 4. மொத்த மார்க்கில் மற்றவர்களோடு எனக்குப் பெரிய தகராறு இல்லை, அந்த நான்கு எங்கே விழுந்தது, ஒன்று எங்கே கழிந்தது என்பதில்தான் தகராறு. வழக்கமாகப் போடும் கணக்கு தெரியும்தானே: முதல் பத்து வருடம் பிரமாதம், அடுத்த பன்னிரண்டு வருடம் சரிவு, 2006லேயே கௌரவமாகப் போயிருக்கலாம் என்று ஒரு பெருமூச்சு. எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு கோப்பைகூட வராத 2006 முதல் 2013 வரையிலான காலத்தில் அவர் செய்ததுதான் அந்த 22 வருடத்திலேயே கஷ்டமான வேலை, நன்றாகச் செய்த வேலையும் அதுதான். மூன்று எஃப்ஏ கோப்பைகள் (லீக்குக்கு வெளியே நடக்கும் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டி) வந்த கடைசி ஐந்து சீசன்களில்தான் சேவை கெட்டது. கோப்பை அலமாரியைப் பார்த்து மார்க் போடுகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், தெரியட்டும்.

யாரும் மறுக்காத பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1235 ஆட்டங்கள், அதில் 707 வெற்றி. 1998, 2002, 2004 என மூன்று லீக் பட்டங்கள். ஏழு எஃப்ஏ கோப்பைகள். 1998இலும் 2002இலும் லீக்கும் எஃப்ஏ கோப்பையும் ஒரே சீசனில். 2003-04இல் 38 லீக் ஆட்டங்கள், 26 வெற்றி, 12 டிரா, தோல்வி பூஜ்யம். முந்தைய சீசனின் கடைசியையும் அடுத்த சீசனின் தொடக்கத்தையும் சேர்த்தால் 49 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த ஆர்சனல் ரசிகரும் இதைச் சொல்லிவிடுவார்.

அந்த முதல் பத்து வருடத்தில் கோப்பைகளைவிட எனக்குப் பிடித்தது அவர் வேலை செய்த விதம். ஜப்பானில் நகோயா கிராம்பஸ் எய்ட் அணியிலிருந்து வந்த இந்தப் பிரெஞ்சுக்காரரை இங்கிலாந்தில் யாருக்கும் தெரியாது, "ஆர்சென் யார்?" என்று லண்டன் பத்திரிகை தலைப்பே போட்டது. வந்தவுடன் கை வைத்தது சாப்பாட்டில். வேகவைத்த மீன், கோழி, காய்கறி, சாக்லேட் கிடையாது. பிளாக்பர்னில் நடந்த அவருடைய முதல் ஆட்டத்தின்போது எங்கள் மார்ஸ் பாரைத் திருப்பிக் கொடு என்று ஆட்டக்காரர்கள் பஸ்ஸில் பாட்டே பாடியிருக்கிறார்கள். பாடியவர்கள் சும்மா இல்லை, ஏற்கெனவே லீக் பட்டம் ஜெயித்த முரட்டு ஆட்கள். முப்பதைத் தாண்டிய டோனி ஆடம்ஸ், ஸ்டீவ் போல்டு, நைஜல் விண்டர்பர்ன் போன்றவர்களின் ஆட்ட ஆயுளை இந்தச் சாப்பாடும் ஸ்ட்ரெச்சிங்கும் சில வருடம் நீட்டித்தன. 1998 மே மாதம் எவர்ட்டனுக்கு எதிராக, பட்டம் உறுதியாகும் ஆட்டத்தில், டிஃபண்டரான ஆடம்ஸ் முன்னால் ஓடிப்போய் இடது காலால் நான்காவது கோலைப் போட்டாரே, அதைப் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பிறகு காசு விஷயம். நிக்கோலா அனெல்காவை 1997இல் சுமார் 5 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, இரண்டரை வருடம் கழித்து ரியல் மாட்ரிட்டுக்கு 22 மில்லியன் பவுண்டுக்கு மேல் விற்றார். அந்தப் பணத்தில் லண்டன் கோல்னியில் புதிய பயிற்சி மையமும் வந்தது, தியரி ஹென்றியும் வந்தார். ஹென்றி அப்போது யுவென்டஸில் விங்கில் சரியாக ஓடாமல் இருந்தவர். வெங்கர் அவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார், கடைசியில் 228 கோல். ஒரு பையனை விற்று ஒரு கட்டடத்தையும் கிளப் சரித்திரத்திலேயே அதிக கோல் போட்டவரையும் வாங்கிய ஆள் இவர். இந்தத் திறமையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுவே அவர் உயிரைக் காப்பாற்றும், அதற்கும் பின்னால் இதுவே அவர் கழுத்தைப் பிடிக்கும்.

இடையில் ஒரு விஷயம், ரிவியூ என்றால் ரீஃபண்ட் பாலிசி பற்றிச் சொல்ல வேண்டுமே. 1999 பிப்ரவரி, எஃப்ஏ கோப்பையில் ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டம். காயம்பட்டவருக்காக எதிரணி பந்தை வெளியே தட்டிவிட்டது. மரியாதைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பந்தை, அணிக்குப் புதிதாக வந்த கானு ஓடிப்போய் எடுத்துக்கொடுக்க, ஓவர்மார்ஸ் கோலாக்கிவிட்டார். விதிப்படி கோல்தான். ஆட்டம் முடிந்ததும் வெங்கரே மறுபடி ஆடுவோம் என்று முன்வந்தார். மறுபடி ஆடி, மறுபடியும் அதே 2-1 கணக்கில் ஜெயித்தார்கள். இப்போது யாராவது செய்வார்களா தெரியாது.

இந்தப் பொற்காலத்திலும் ஓட்டை உண்டு, அதை 2004 கோஷ்டி பேசவே பேசாது. ஐரோப்பாவில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2000 யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் கலாட்டாசராயிடம் பெனால்டியில் தோல்வி. தோல்வியே அறியாத அதே 2003-04 அணி ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் சொந்த மைதானத்தில் செல்சியிடம் கடைசி நேர கோலில் வீட்டுக்குப் போனது. அதே போட்டியின் 2006 பாரிஸ் இறுதியில் 18வது நிமிடத்திலேயே கோல்கீப்பர் லேமனுக்கு ரெட் கார்டு, பத்துப் பேரோடு ஆடி கேம்பெல் தலையால் ஒன்று போட்டு, 76வது நிமிடம் வரை பார்சிலோனாவை முன்னணியில் நின்று தாங்கி, அப்புறம் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கினார்கள். 22 வருடத்தில் ஒரு ஐரோப்பியக் கோப்பைகூட இல்லை. லீக் பட்டத்தை ஒருமுறைகூட அடுத்த வருடம் தக்கவைத்துக்கொள்ளவும் இல்லை. முதல் பத்து வருடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போடாததற்கு இதுதான் காரணம்.

இப்போது நான் சண்டை போட வந்த இடத்துக்கு வருகிறேன். ஆர்சனலின் பழைய ஹைபரி மைதானத்தில் உட்கார 38,419 பேருக்குத்தான் இடம். மான்செஸ்டர் யுனைடெட் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்களுக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது. எனவே 60,000 பேர் உட்காரும் எமிரேட்ஸ் ஸ்டேடியம், செலவு சுமார் 390 மில்லியன் பவுண்டு, பெரும்பகுதி கடன். மேனேஜர் மாறமாட்டார் என்று உறுதி வேண்டும், ஐந்து வருட ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கிகள் கேட்டதாக வெங்கரே பிற்பாடு சொன்னார். அதாவது கடனுக்கு அடமானமாக வைத்த சொத்துகளில் இந்த மனிதரும் ஒன்று. முன்பணம் வேண்டுமென்பதால் ஸ்டேடியப் பெயரையும் சட்டை விளம்பரத்தையும் 2004லேயே நீண்ட ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டார்கள், ஆகவே மற்ற கிளப்புகளின் விளம்பர வருமானம் ஏறிக்கொண்டே போனபோது ஆர்சனல் பழைய விலையிலேயே கட்டுண்டு கிடந்தது.

அதே நேரத்தில் வெளியே நடந்ததைப் பாருங்கள். 2003இல் செல்சியை அப்ரமோவிச் வாங்கினார். 2008இல் மான்செஸ்டர் சிட்டி அபுதாபி பணத்துக்குப் போனது. வெங்கரைக் கொண்டுவந்த, ஆட்டக்காரர் பேரங்களில் அவருக்கு வலது கையாக இருந்த டேவிட் டீன் 2007 ஏப்ரலில் நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டு வெளியேறினார். ஆஷ்லி கோல் செல்சிக்கு, ஹென்றி பார்சிலோனாவுக்கு, அடேபயோரும் கோலோ டூரேயும் சிட்டிக்கு, அப்புறம் கிளிஷியும் நஸ்ரியும் அதே சிட்டிக்கு, ஃபாப்ரகாஸ் பார்சிலோனாவுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் 2012இல் வான் பெர்சி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. அந்தக் கடைசி ஆள் போன வேகத்தில் 26 லீக் கோல் போட்டு அங்கே மேனேஜராக இருந்த ஃபெர்குசனுக்குக் கடைசிப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார், இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது. இருபது வயதுப் பையன்களை வளர்த்து, கேப்டன் ஆக்கி, அவர்கள் பழுக்கும் நேரத்தில் பணக்கார அணிக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் இதே கதை.

இப்படிப்பட்ட நிலையில் வேறொரு மேனேஜர் எந்த இடத்தில் முடித்திருப்பார்? வெங்கர் முடித்த இடங்கள், 2006-07 முதல் வரிசையாக: நான்கு, மூன்று, நான்கு, மூன்று, நான்கு, மூன்று, நான்கு. சாம்பியன்ஸ் லீக்குக்கு இடம் தரும் முதல் நான்கை விட்டு ஒரு தடவைகூட வெளியே போகவில்லை. சாம்பியன்ஸ் லீக் பணம் வராத வருடம் ஒன்று வந்திருந்தாலும் அந்தக் கடன் கணக்கு ஆடிப்போயிருக்கும். 2012 பிப்ரவரியில் லண்டனிலேயே இருக்கும் பரம எதிரி டாட்டன்ஹாமைவிடப் பத்துப் பாயிண்ட் பின்தங்கி, அவர்களுக்கு எதிரான ஆட்டத்திலேயே 0-2 என்று இருந்து 5-2 ஜெயித்து, கடைசி நாளில் ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் மேலே முடித்தார்கள். அடுத்த வருடமும் கடைசி நாள், நியூகாசிலில் கோசியெல்னியின் ஒரே கோல், 73க்கு 72, மறுபடி அதே ஒரு பாயிண்ட். நான்காவது இடமும் ஒரு கோப்பைதான் என்ற பொருளில் வெங்கர் பேசியதை வைத்து எவ்வளவு கிண்டல்! நான்காவது இடத்துக்கு ஊர்வலம் போவீர்களா, திறந்த பஸ் உண்டா என்றெல்லாம். கிண்டல் செய்தவர்களில் எதிரணி ரசிகர்களைவிட எங்கள் ஆட்கள்தான் அதிகம். சரி, அவர் கடைசியாக முதல் நான்கில் முடித்தது 2016. அதற்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக்குக்குத் திரும்ப, வெங்கரையும் சேர்த்து மூன்று மேனேஜர்களும் கோடிக்கணக்கில் செலவும் ஆகி, 2023 வரை இழுத்தது. நடுவில் இரண்டு தடவை எட்டாவது இடம். அந்தக் கோப்பையின் எடை அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

பட்டமும் எட்டாத தூரத்தில் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். 2008 பிப்ரவரியில் ஃபாப்ரகாஸ், ஃபிளமினி, ஹ்லெப், ரோசிஸ்கி என்று சின்னப் பையன்கள் பந்தைக் கையில் வைத்து ஆடுவதுபோல் ஆடிக்கொண்டு ஐந்து பாயிண்ட் முன்னணியில் பர்மிங்காம் போனார்கள். மூன்றாவது நிமிடத்திலேயே எடுவார்டோவின் கால் உடைந்தது. கடைசி நிமிட பெனால்டியில் 2-2. கேப்டன் கல்லாஸ் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து அணி மீளவில்லை, இருந்தும் 83 பாயிண்ட், யுனைடெட்டைவிட நான்குதான் குறைவு. ஹென்றி போன முதல் வருடத்தில்! எனக்குக் கேட்டால் 22 வருடத்தில் ரசித்துப் பார்க்க மிக அழகான கால்பந்து அந்த ஏழு மாதம்தான், தோல்வியே இல்லாத அணிகூட அடுத்தபடிதான். இதற்கு அடிக்க வருவார்கள், வரட்டும்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. டிக்கெட் வாங்கியவன் கணக்கு வேறு. அப்போது இங்கிலாந்திலேயே மிக விலை உயர்ந்த சீசன் டிக்கெட்டுகள் எமிரேட்ஸில்தான் இருந்தன. 2013 ஜனவரியில் எதிரணிப் பகுதி டிக்கெட்டுக்கு 62 பவுண்டு என்றதும் மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் நூற்றுக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவு கொடுத்து உட்கார்ந்தவனிடம் ஸ்டேடியக் கடன், பொறுமை, இளைஞர் அணி என்று பாடம் எடுத்தால் கோபம் வராதா. 2011 பிப்ரவரியில் பார்சிலோனாவை 2-1 என்று ஜெயித்துவிட்டு, பதினோரு நாளில் லீக் கோப்பை என்ற இன்னொரு நாக்-அவுட் போட்டியின் இறுதியில் பர்மிங்காமிடம், கோல்கீப்பரும் டிஃபண்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, 89வது நிமிடத்தில் காலி வலையில் பந்தை விட்டுக் கொடுத்துத் தோற்றார்கள். அதே வருடம் ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டில் அந்த 8-2. ஆர்சனல் ஒரு ஆட்டத்தில் எட்டு கோல் வாங்கியது 1896க்குப் பிறகு அன்றுதான். அங்கே போயிருந்த ரசிகர்களுக்கு ஈடாக இன்னொரு வெளியூர் ஆட்ட டிக்கெட்டை இலவசமாகத் தருவதாக கிளப் அறிவித்தது, அதாவது காசு கொடுத்துப் பட்ட அடிக்குப் பரிகாரம் இன்னொரு வெளியூர்ப் பயணம்.

ஆனால் அதே 8-2 சீசன் எப்படி முடிந்தது? மூன்றாவது இடம். ஆட்டக்காரர் வாங்கும் கெடு முடியும் நேரத்தில் மெர்டசாக்கரையும் ஆர்டெட்டாவையும் பிடித்துப் போட்டு, வான் பெர்சியின் காலை நம்பி, மூன்றாவது இடம். அந்த ஆகஸ்டில் ஃபாப்ரகாஸும் நஸ்ரியும் போய் ஒரு வாரம், இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 8-2ஐ மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுபவர்கள் மீதி 35 ஆட்டத்தைக் காட்டுவதில்லை.

இனி அந்த ஒரு மார்க் போன இடம். 2013 வாக்கில் நிலைமை மாறிவிட்டது. 2012 நவம்பரில் எமிரேட்ஸ் விமான நிறுவனத்தோடு 150 மில்லியன் பவுண்டுக்குப் புது ஒப்பந்தம், 2014 முதல் பூமாவின் பணம், மெசுட் ஓசிலை 42.5 மில்லியனுக்கு வாங்கும் அளவுக்குக் கையில் காசு, அடுத்த வருடம் அலெக்சிஸ் சான்செஸ். ஏழு வருடம் எண்ணி எண்ணிச் செலவழித்த மனிதரால் பெட்டி நிறைந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை. சுவாரெஸுக்கு 40 மில்லியன் பவுண்டும் கூட ஒரே ஒரு பவுண்டும் கேட்டு லிவர்பூலைச் சீண்டியது அந்தக் கோடையில்தான். ஆட்டத்திலும் அதே பிடிவாதம். எதிரணி எப்படி ஆடினாலும் நாம் நம் ஆட்டத்தை ஆடுவோம் என்பது வியேராவும் ஜில்பெர்டோவும் நடுவில் நின்ற காலத்தில் தன்னம்பிக்கை. அவர்கள் இல்லாதபோது அது 2013-14 சீசனில் சிட்டியிடம் 6-3, லிவர்பூலிடம் 5-1, செல்சியிடம் 6-0. லிவர்பூல் ஆட்டத்தில் 20 நிமிடத்தில் நான்கு கோல். செல்சி ஆட்டம் அவருடைய ஆயிரமாவது ஆட்டம். மூன்றும் ஒரே மாதிரி: இரண்டு பக்க டிஃபண்டர்களும் மேலே ஏறி நிற்க, நடுவில் பந்து பறிபோக, பின்னால் வெட்டவெளி. முதல் தடவை அடி வாங்கினால் சரி, மூன்றாவது தடவையும் அதே இடத்தில் வாங்கினால்?

எல்லாவற்றிலும் எனக்குப் பொறுக்காதது 2015 கோடை. கோல்கீப்பர் பீட்டர் செக்கை வாங்கினார், வேறு ஒரு சீனியர் ஆட்டக்காரர்கூட வரவில்லை. அந்த சீசனில் செல்சி சரிந்தது, இரண்டு மான்செஸ்டரும் தடுமாறின, பட்டம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து கிடந்தது. காதலர் தினத்தன்று லெஸ்டருக்கு எதிராக 95வது நிமிடத்தில் வெல்பெக் தலையால் முட்டி 2-1 ஆக்கியபோது இடைவெளி இரண்டே பாயிண்ட்; ஸ்டேடியம் பட்டம் ஜெயித்ததுபோல் குதித்தது. முடிவில் லெஸ்டர் 81, ஆர்சனல் 71. ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர், நடுவில் ஒரு முரட்டு ஆள், இவ்வளவுதான் தேவைப்பட்டது. காசில்லாத காலத்தில் 83 பாயிண்ட் எடுத்தவர் காசுள்ள காலத்தில் 71 எடுத்தார். என் ஒரு மார்க்கில் பெரும்பங்கு இந்தக் கோடையிலேயே போனது, மற்றதெல்லாம் அதற்கு வட்டி.

எஃப்ஏ கோப்பைகள்? 2014இல் ஹல் சிட்டியிடம் எட்டு நிமிடத்துக்குள் 0-2 என்று விழுந்து, ராம்சியின் கூடுதல் நேர கோலில் 3-2. அன்று நானும் கத்தினேன். 2015இல் ஆஸ்டன் வில்லாவை 4-0. 2017இல், சீசன் முழுக்க ஒரு ஆட்டத்திலும் தொடக்கத்திலிருந்து ஆடாத மெர்டசாக்கரை நடுவில் நிறுத்தி, லீக் சாம்பியன் செல்சியை 2-1. மூன்றும் இனிமையான நாட்கள்தான். ஆனால் எஃப்ஏ கோப்பை என்பது ஆறு ஆட்டம், லீக் 38 ஆட்டம். அந்த 2017 வெற்றி நடந்து சில நாளிலேயே இரண்டு வருடப் புது ஒப்பந்தம் கையெழுத்தானது, அந்த ஒரு சாயங்காலம் எல்லாக் குறையையும் மூடிவிட்டது. அதே சீசனில் பேயர்ன் மியூனிக்கிடம் இரண்டு ஆட்டம் சேர்த்து 10-2. 1995க்குப் பிறகு முதல்முறையாக டாட்டன்ஹாம் மேலே முடித்தது. இருபது வருடம் தவறாத முதல் நான்கு இடம் தவறியது. அடுத்த வருடம் இன்னும் மோசம்: 2018 பிறந்து வெளியூரில் ஆடிய முதல் ஏழு லீக் ஆட்டங்களும் தோல்வி, கடைசி நாள் ஹடர்ஸ்ஃபீல்டில்தான் முதல் வெற்றி, அதுவே அவருடைய கடைசி ஆட்டமும்.

வாடிக்கையாளர் கருத்து எந்த அளவுக்குப் போனது என்பதும் பதிவாக வேண்டும். 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம் மைதானத்துக்கு மேலே ஒரு விமானம் வெங்கர் வெளியேற வேண்டும் என்ற பேனரை இழுத்துக்கொண்டு பறந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு விமானம், அவரை நம்புகிறோம், மரியாதை கொடுங்கள் என்று. ஒரே கிளப்பின் இரண்டு கோஷ்டிகள் ஆகாயத்தில் அடித்துக்கொண்டதை உலகமே பார்த்துச் சிரித்தது, கீழே ஆர்சனல் 3-1 என்று தோற்றுக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் அதிபர் முகாபேவுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியபோது அந்தக் கூட்டத்திலும் "வெங்கர் அவுட்" அட்டை ஒன்று தெரிந்தது. ஒரு மேனேஜரைத் திட்டுவது சர்வதேசப் பொழுதுபோக்கு ஆனது அநேகமாக இதுதான் முதல் தடவை.

ஃபெர்குசனோடு ஒப்பிடாமல் விடமாட்டார்கள். 13 லீக் பட்டம், இரண்டு சாம்பியன்ஸ் லீக். எண்ணிக்கையில் போட்டியே இல்லை, அதில் நேரம் வீணாக்க வேண்டாம். ஆனால் அணியை நான்கைந்து தடவை கலைத்து மறுபடி கட்டினாரே, உதவியாளர்களை மாற்றிக்கொண்டே இருந்தாரே, அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஃபெர்குசன் பக்கத்தில் புதுப்புது ஆட்கள் வந்து பயிற்சி முறையை மாற்றினார்கள். வெங்கர் பக்கத்தில் 2012 வரை அதே பாட் ரைஸ், பிறகு போல்டு. அவரோடு வாதாடும் ஆள் டீன் போனதோடு போய்விட்டார். மேலே நிர்வாகத்துக்கோ நான்காவது இடம் வந்தால் போதும். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் எவ்வளவு புத்திசாலியும் தன் பழைய விடையையே திரும்பத் திரும்ப எழுதுவான். இதில் பாதிப் பழி அவருடையது, பாதி அவரை அப்படியே விட்டவர்களுடையது என்பது என் கட்சி.

விற்பனைக்குப் பிந்தைய சேவை சுமார்தான். சான்செஸ், ஓசில் ஒப்பந்தங்களைக் கடைசி வருடம் வரை இழுத்துவிட்டு, ஒருவரை 2018 ஜனவரியில் மிகிதாரியனுக்கு மாற்றாகக் கொடுத்து, மற்றவருக்குப் பெரிய சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்தச் சுமை அடுத்த மேனேஜர் உனாய் எமெரிக்கும் அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் பல வருடம் தொல்லை கொடுத்தது. இன்னொரு பக்கம், 2011 ஆகஸ்டில் அவசரத்தில் வாங்கிய மைக்கேல் ஆர்டெட்டா 2019 டிசம்பரில் மேனேஜராகத் திரும்பி வந்தார், மெர்டசாக்கர் அகாடமியைப் பார்த்துக்கொண்டார். 8-2க்கு மறுவாரம் கடைசி நேரச் சந்தையில் பிடித்த சரக்கு அவருக்குப் பின்னாலும் இவ்வளவு நாள் உழைத்தது.

2023 ஜூலையில் எமிரேட்ஸுக்கு வெளியே, வடக்குப் பக்கம், பிரீமியர் லீக் பட்டக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். லீக் பட்டங்கள் எல்லாம் அந்த ஸ்டேடியம் திறக்கும் முன்பே ஜெயித்தவை, அங்கே வந்த பிறகு ஒரு லீக் பட்டமும் இல்லை என்று 'வெங்கர் அவுட்' கோஷ்டி உடனே கணக்கைக் காட்டியது. சிலைக்குப் பின்னால் நிற்கும் கட்டடத்தை யார் கட்டினார் என்று நாங்கள் கேட்டோம். வழக்கம்போல யாரும் யாரையும் மாற்றவில்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மேனேஜர் மொரின்யோவின் சேவை இருக்கிறது, மூன்று வருடம் கேரண்டி, அதற்குமேல் கேட்கக்கூடாது. கடன் இருக்கிற, பணக்காரப் போட்டியாளர்கள் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிற, ஆனாலும் பார்க்க அழகாக ஆட வேண்டும் என்று அடம்பிடிக்கிற கிளப்புக்கு வெங்கரைவிட நல்ல ஆளை நான் பார்த்ததில்லை. கடன் அடைந்த மறுநாள் கைகுலுக்கி அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த தடவை யாராவது 2004க்குப் பிறகு அவர் என்ன கிழித்தார் என்று கேட்டால் பேச்சை வளர்க்காதீர்கள், 2012-13 சீசனின் கடைசி நாள் பாயிண்ட் டேபிளை அனுப்பிவைத்து, அந்த ஏழு வருடத்தில் விற்ற ஆட்களின் பெயர்ப் பட்டியலையும் கீழே போடுங்கள். பதிலுக்கு 8-2 ஸ்கோர்போர்டு படம் வரும். வந்தால் அந்த சீசனின் கடைசி டேபிளும் கைவசம் இருக்கட்டும்.